சன்னலோரத் தொட்டி
(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

வகுப்பில் நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து தொடங்குகிறேன்.

ஓர் ஏப்ரல் மாதம். பண்ணையிலிருந்து ஆறு சிறிய நன்னீர் இறால்களை வாங்கிவந்து, கண்ணாடித் தொட்டியில் விட்டு, பிள்ளைகள் நன்றாகப் பார்க்கட்டும் என்று சன்னலோரம் வைத்தேன். மூன்றாம் நாள் மதிய உணவு முடிந்து வந்தால் ஆறும் செத்துக் கிடந்தன. "ஏதோ நோய்" என்று சமாளித்தேன். ஒரு மாணவன் விடவில்லை. "காலையில நல்லா ஓடிட்டு இருந்துச்சே சார்?"

மறுநாள் அதே தொட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றி, வெப்பநிலைமானியை அவன் கையிலேயே கொடுத்தேன். காலை 9 மணிக்கு 28 டிகிரி செல்சியஸ். பகல் 2 மணிக்கு 37. நோய் இல்லை, நான் வைத்த இடம்தான் தவறு என்று வகுப்பில் ஒப்புக்கொண்டேன். கூச்சமாகத்தான் இருந்தது.

பண்ணைகளில் வளர்க்கும் பெரிய நன்னீர் இறாலுக்கு 28 முதல் 31 டிகிரி வரை உகந்தது. 35-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. 14-க்குக் கீழே போனாலும் பிழைக்காது. வட மாநிலங்களில் குளிர்காலத்துக்கு முன்பே குளத்தைப் பிடித்துவிடுவது அதனால்தான்.

"தண்ணிக்குள்ளதானே இருந்துச்சு, ஏன் சாகணும்?" என்றான் அதே மாணவன். வெந்நீரில் சர்க்கரை அதிகம் கரையும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தானே! வாயுக்கள் அதற்கு நேர்மாறு. வெயிலில் வைத்த சோடாவைத் திறந்தால் பொங்கி வழிவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். 20 டிகிரி நன்னீர், லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏறக்குறைய 7.5தான். இறாலோ உடல் வெப்பத்தைத் தானே சீராக்கத் தெரியாத உயிர். தண்ணீர் சூடானால் அதன் உடல் இயக்கமும் வேகமெடுக்கும், ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். தேவை ஏறும்போது இருப்பு குறைகிறது.

ஜூலையில் மறுபடி ஐந்து இறால்கள். இம்முறை தொட்டி வெயில் படாத சுவரோரம். காற்றுக்குழாயும் உண்டு, ஒளிந்துகொள்ள உடைந்த ஓட்டுத் துண்டுகளும் உண்டு. தினமும் மூன்று வேளை வெப்பநிலையைக் குறிப்பது பிள்ளைகளின் பொறுப்பு.

எட்டாம் நாள் காலை ஒரு மாணவி அழுதுகொண்டே ஓடிவந்தாள். "ஒண்ணு செத்துப்போச்சு சார்!" எனக்கும் பகீரென்றது. ஏட்டைப் பார்த்தேன், எந்த வேளையும் 30-ஐத் தாண்டவில்லை. தொட்டியருகே போய், "எண்ணிப் பாரும்மா" என்றேன். எண்ணினாள். ஓட்டுத் துண்டுக்கு அடியில் பதுங்கியிருந்ததையும் சேர்த்து ஐந்தும் இருந்தன. கீழே கிடந்தது உரித்துப்போட்ட மேலோடு. ஓட்டைக் கழற்றினால்தான் இறால் வளர முடியும். உகந்த சூட்டில் அது அடிக்கடி நடக்கும். புது ஓடு கெட்டிப்படும்வரை மற்ற இறால்கள் தின்றுவிடக்கூடும் என்பதால்தான் அந்தப் பதுங்கல்.

அந்த மேலோட்டைக் காயவைத்து, தேதியும் அன்றைய வெப்பநிலையும் எழுதி அவளே அட்டையில் ஒட்டினாள்.