மழைக்காலத்தில் காங்கிரீட் மச்சு போடுதல்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



ஒரு கிராமச் சங்கத்தார் விதை நெல்லும் உரமும் சேர்த்துவைக்கக் கிடங்கு ஒன்று கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சுவர்கள் எழும்பிவிட்டன, பலகையடைப்பு முடிந்து கம்பியும் கட்டியாயிற்று. சிமிட்டிக்கும் கம்பிக்குமான கடன் தொகை ஆவணியில் கிடைத்திருந்தால் மச்சு மழைக்கு முன்பே முடிந்திருக்கும். கிடைத்ததோ புரட்டாசிக் கடைசியில்; இப்பொழுது ஐப்பசி நடுவாகிவிட்டது. தை மாதம்வரை நிறுத்தினால் பலகை வாடகை ஏறும், கம்பி துருப்பிடிக்கும், கடனுக்கு வட்டியும் நில்லாது. நிறுத்தாமற் போட்டால் வானம் எந்நேரத்திலும் திறந்துகொள்ளும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஜில்லாக்களில் இந்தத் தர்மசங்கடம் புதிதன்று.

மழையே காங்கிரீட்டுக்குச் சத்துரு என்று அநேகர் கருதுகின்றனர். அது சரியன்று. சிமிட்டி காய்வதனால் இறுகுவதில்லை. ஜலத்தோடு ரசாயன முறையில் சேர்ந்தே இறுகுகின்றது. ஆகையால் ஜலத்திற்குள்ளும் அது உறுதிப்படும். கெடுதல் இரண்டு வழிகளில் வருகின்றது. இறுகுமுன் விழும் மழை மேற்பரப்பிலுள்ள சிமிட்டிப் பாலை அரித்துக்கொண்டு போவது ஒன்று. கணக்கில் வராத நீர் கலவைக்குள் புகுவது மற்றொன்று. முன்னது கண்ணுக்குத் தெரியும். பின்னது தெரியாததனால் அதுவே அதிக அபாயகரமானது. சிமிட்டியின் எடையை நோக்க நீரின் எடை மிகுமளவுக்குக் காங்கிரீட்டின் வலிமை குறையும் என்பதை அமெரிக்காவில் டஃப் ஏப்ரம்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1918-ஆம் வருஷத்தில் விளக்கிக் காட்டினார்.

அந்தக் கள்ள நீர் பெரும்பாலும் மணலில் ஒளிந்து வருகின்றது. மச்சுக்கு வழங்கும் 1 : 1½ : 3 கலவையில், 50 கிலோ சிமிட்டி மூட்டை ஒன்றுக்கு மணல் ஏறக்குறைய 80 கிலோ செல்லும். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம் இருந்தால், கொத்தனார் ஒரு சொட்டும் ஊற்றுமுன்னரே 4 லிட்டர் ஜலம் கலவைக்குள் வந்துவிடுகிறது. இந்திய தர நிர்ணயத்தார் 2000-ஆம் வருஷத்தில் வெளியிட்ட காங்கிரீட் விதிகளின்படி, இத்தகைய கலவைக்கு மூட்டையொன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் கூடாது. எனவே அன்று ஊற்றத்தக்கது 26 லிட்டரேயாம். ஜல்லியும் நனைந்திருந்தால் இன்னும் சற்றுக் குறைக்க வேண்டும்.

மணலின் மற்றொரு வஞ்சகமும் உண்டு. சிறிது ஈரமான மணல் உப்பி நிற்கும். பெட்டியால் அளக்கும்போது மணல் குறைந்துபோகும். இதனைச் சோதிக்க யந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. நேர்ச்சுவருள்ள பாத்திரமொன்றில் ஈர மணலைத் தளர்வாக 20 சென்டிமீட்டர் உயரம் போட்டு, பிறகு வெளியே எடுத்துவிட்டு, பாத்திரத்தில் பாதியளவு ஜலம் ஊற்றி, அதே மணலை அதிலிட்டுக் கிளறிப் படியவிட வேண்டும். மணல் 16 சென்டிமீட்டரில் நின்றால், 4 பெட்டி வேண்டிய இடத்தில் 5 பெட்டி அளக்க வேண்டும் என்பது பொருள். கால் மணி நேரத்து வேலை. ஆயினும் இதைச் செய்து பார்க்கும் பஞ்சாயத்தார் சிலரே.

சிமிட்டி மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் அடுக்கி மூடிவைத்தல் யாவரும் அறிந்ததே. கட்டி தட்டிய சிமிட்டியைச் சலித்து மச்சுக்கு உபயோகிக்கலாகாது. (சென்னையில் சிமிட்டி உற்பத்தி தொடங்கப்பட்டதும், ஐக்கிய நாணய சங்கச் சட்டம் இயற்றப்பட்டதும் ஒரே வருஷத்தில், 1904-இல். சங்கங்கள் வளர்ந்தன, அந்த ஆலை நிலைக்கவில்லை.)

வேலை நாளன்று பலகையடைப்பில் தேங்கிய நீரை வடித்து, கம்பியில் ஒட்டிய சேற்றைக் கழுவித் தொடங்க வேண்டும். தார்ப்பாய்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பெருமழை வந்தால் எங்கே நிறுத்துவது என்பதையும் காலையிலேயே இஞ்சினீயரைக் கொண்டு தீர்மானித்துக்கொள்வது உத்தமம். சுவரோரத்தில் நிறுத்தாமல், இரு சுவர்களுக்கிடையே நடுப்பாகத்தில், பலகையைச் செங்குத்தாக வைத்து நிறுத்துவதே வழக்கம். மறுபடி தொடங்கும்போது அந்த முகத்தைக் கம்பித்தூரிகையால் சுரண்டிக் கழுவுதல் அவசியம். மேலே தேங்கிய நீரைப் போக்க உலர்ந்த சிமிட்டியைத் தூவி மட்டப்பலகையால் தேய்ப்பது சாதாரணமாகக் காணப்படும் பிழை. அதனால் உண்டாகும் மெல்லிய ஓடு பின்னர்ப் பெயர்ந்துவிடும்.

மேலே மழையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கீழேயுள்ள தரையை மறந்துவிடுகின்றனர். ஈர மண்ணில் நிற்கும் சவுக்கு முட்டு, காங்கிரீட்டின் பாரம் ஏற ஏறக் கீழே இறங்கும். அவ்வாறு இறங்கினால் மச்சு தொய்யும். சரிந்தால் மேலே நிற்கும் ஆட்களின் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு முட்டின் அடியிலும் அகலமான பலகை இட்டு, தரையில் நீர் தேங்காதபடி வாய்க்கால் வெட்டிவிட வேண்டும்.

மழை பெய்வதால் நீர் காட்ட வேண்டுவதில்லை என்று எண்ணலாகாது. இடையில் ஒரு நாள் வெயில் காய்ந்தாலும் மேற்பரப்பு உலர்ந்து வெடிக்கும். சாதாரணச் சிமிட்டிக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமிட்டிக்கு 10 நாளும் ஈரச் சாக்கு கிடக்க வேண்டும். முட்டுகளோ, இடைவெளி 4½ மீட்டர் வரையிலுள்ள மச்சுக்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டால் 14 நாளும் நிற்க வேண்டுமென்பது விதி. இது சாதாரணச் சிமிட்டிக்குச் சொல்லப்பட்ட குறைந்த அளவு. சாம்பல் கலந்ததாயின் இன்னும் சில நாள் விட்டுவைத்தல் நலம்.

மச்சு போட்ட தேதியைக் காரியதரிசி தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதோடு, கிடங்குச் சுவரிலும் கரியால் குறித்துவைக்கட்டும். முட்டுகளை வாடகைக்கு விட்டவர் ஐந்தாம் நாளே வண்டியோடு வந்து நிற்பார். அவருக்குக் காட்ட வேண்டியது அந்தத் தேதியே.