மொய்யேட்டில் ஏறாத பொருள்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், மகளிரும் இளைஞரும் குழுமிய பிற்பகல் அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டிலிருந்து கையாற் செய்யும் பொருள்களைப் பற்றியும், அவற்றைப் பரிசாக அளித்தலைப் பற்றியும் சில சொல்லுமாறு சங்கத்தார் பணித்தனர். ஓலையும் ஊசியும் நூலும் பற்றிப் பேசுதற்குத் தமிழாசிரியன் ஒருவன் எற்றுக்கு என எண்ணுவாரும் இவ்வவையில் இருக்கலாம். இருபதாண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லி வருகின்றவன் யான். அவர்தம் வீட்டுத் திருமணங்களுக்கும் காதணி விழாக்களுக்கும் புதுமனை புகுவிழாக்களுக்கும் அழைக்கப்பெற்றுச் செல்கின்றேன். அவ்விடங்களிற் கண்டவையே என்னை இப்பொருளைப் பற்றிப் பேசத் தூண்டின.

திருமண மண்டபத்து வாயிலில் ஒரு மேசை. மேசைமேல் ஓர் ஏடு. ஏட்டின் முன் எழுதுகோலுடன் இருவர். அவ்வேட்டை அறியாதார் நம்முள் யாருமிலர். ஒருவன் வீட்டுத் திருமணச் செலவை அவன் ஒருவனே தாங்கவியலாது என்று உற்றாரும் ஊராரும் கூடித் தோள்கொடுத்த நல்வழக்கமே மொய் என்பது. வங்கியில்லாக் காலத்தில் அதுவே ஏழைக்கு வங்கியாயிருந்தது. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடித் திங்களில் மொய்விருந்து என்று தனியே ஒரு விருந்து வைத்து, முடைப்பட்டவர்க்குப் பெரும்பொருள் திரட்டித் தருதல் இன்றும் உண்டு. இவ்வழக்கத்தை யான் பழிக்க வந்திலேன்.

ஆயினும் இன்று நிகழ்வது என்னை? ஐந்நூறு வைத்தவனுக்கு ஆயிரம் திருப்புதல் வேண்டும். ஆயிரம் வைத்தவனுக்கு இரண்டாயிரம். திருப்பாதவன் பெயர் பந்தியிலேயே பேசப்படும். திருமண அழைப்பிதழ் வந்த வீட்டில் முதலில் எடுக்கப்பெறுவது பழைய மொய்யேடே! மணமக்கள் யாவர், அவர்க்கு யாது வேண்டும் என்ற வினா எழுவதற்கு முன்னரே தொகை முடிவாகிவிடுகின்றது. திங்கள் ஒன்றில் ஐந்தாறு அழைப்பு வந்தால், கூலிக்குச் செல்லும் உறவினன் ஒருவன் கைம்மாற்று வாங்கி மொய்யெழுதுகின்றான். அதற்கும் இயலாதவன் உடல்நலமில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகின்றான். தன் உடன்பிறந்தாள் மகளின் திருமணத்திற்குக் கையில் பொருளில்லாமையால் வாராது நின்ற தாய்மாமன்மார் நம் சமூகத்தில் உண்டு என்பதை இங்கிருக்கும் மூத்தோர் அறிவர். இதனினும் நாணத்தக்கது பிறிதொன்றுண்டோ?

இங்கே சொல்லாராய்ச்சி ஒன்று. வட்டி என்றால் பணத்தின்மேல் ஏறும் ஊதியம் என்றே இன்று நாம் அறிவோம். சங்க நூல்களிலோ வட்டி என்பது ஓலையால் முடைந்த சிறுபெட்டி. மீனும் நெல்லும் கிழங்கும் வட்டியிற் கொண்டுசென்று கொடுத்த மகளிரை அந்நூல்களிற் காண்கின்றோம். இரண்டும் வேறுவேறு சொற்கள். ஓசை ஒன்றாயிற்று, அவ்வளவே. ஆயினும் வட்டி நிறையக் கொடுத்த மக்களின் வழிவந்தோர் வட்டியோடு திருப்பிக் கொடுக்கும் நிலைக்கு வந்தது விந்தையன்றோ!

நிற்க. மொய்யேட்டில் ஏறாத பொருள் ஒன்றுண்டு. அது கையாற் செய்த பொருள். பேரன் பிறந்தானென்று கேட்டவுடன், பாட்டியார் தம் பழைய நூற்சேலையை வெந்நீரிற் சுட அலசி, வெயிலில் உலர்த்தி, தூளிக்கென்று மடித்துக் கொண்டுவருகின்றார். அதே சேலையின் முந்தானையைக் கிழித்துக் குழந்தைக்கு அணைதுணிகளும் தைத்துவருகின்றார். பலகாலம் துவைத்துத் துவைத்து மெலிந்த நூலே பச்சைக்குழந்தையின் தோலுக்கு இதமென்பது அவர் அறிந்தது. இதனை எந்த ஏட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது? எவ்வளவென்று திருப்புவது? எழுதவும் இயலாது, திருப்பவும் இயலாது. ஆதலின் இதனால் யாரும் யாருக்கும் கடன்பட்டவராவதில்லை.

நம் முன்னோர் போற்றிய கொடைகளுட் பல இத்தகையனவே. நெடுநாள் வாழச்செய்யும் அரிய நெல்லிக்கனியை அதியமான் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்தான். பேகன் மயிலுக்குத் தன் போர்வையை அளித்தான்; மயிலுக்குப் போர்வை எற்றுக்கென நகுவாரும் உளர்; இவ்வாறு கொடுப்பதற்குக் கொடைமடம் என்றே பெயரிட்டனர். யான் கருதுவது வேறு. குளிரால் நடுங்குகின்றதென எண்ணி, அம்மயிலின் முன் நின்று அதற்கு யாது வேண்டுமென அவன் ஒருகணம் நினைத்தானன்றோ! உறையிற் பணத்தை இட்டு மேலே பெயரெழுதும் நமக்கு அந்த ஒருகண நினைவும் வேண்டாவாயிற்று.

அண்மைக் காலத்தினின்றும் இரண்டு சான்று கூறுவேன். 1942-ஆம் ஆண்டு இந்திரா அம்மையார் திருமணத்தில் உடுத்த சேலை, தந்தையார் சவகர்லால் நேரு சிறையிலிருந்தபோது தம் கையால் நூற்ற நூலில் நெய்தது. பட்டும் சரிகையும் வாங்க அக்குடும்பத்திற்கு வகையின்றியா அது நிகழ்ந்தது? 1947-ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் திருமணம் நிகழ்ந்தது. காந்தியடிகள் தாம் நூற்ற நூலால் பின்னல்துணி ஒன்று செய்வித்து, அதன் நடுவே 'ஜெய்ஹிந்த்' என்னும் எழுத்துக்கள் அமையச்செய்து, மவுண்ட்பேட்டன் பிரபுவின் வாயிலாக அனுப்பினார். இளவரசியின் பாட்டியார் மேரி அரசியார் அதனை இடுப்புத்துணியென மயங்கி முகஞ்சுளித்தார் என்பர். பொன்னும் மணியும் குவிந்த அத்திருமணத்தில் வந்த அச்சிறு துணி இன்றும் அரசகுடும்பத்துச் சேகரிப்பிலே பேணப்பட்டு வருகின்றது. இவ்விரண்டு நூலையும் நூற்றவர் ஆடவர் என்பதை இளைஞர்கள் உளங்கொள்ளல் வேண்டும். கைவேலையென்றால் பெண்டிர்க்குரியது என்று சொல்லி எழுந்து போகவேண்டா.

இனி, நம் வீடுகளில் எதனைச் செய்வது? நம் பக்கத்தில் வேண்டுமளவு இருப்பது பனை. 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பெற்றது அது. பனையோலையிற் பெட்டி முடைதல் அறியாத பெண்ணில்லை என்று நம் பாட்டிமார் காலத்தில் சொல்லலாம். இன்று என் வகுப்பில் நாற்பது பிள்ளைகளுள் குருத்தோலைக்கும் சாரோலைக்கும் வேற்றுமை அறிந்தவர் ஐவர் இருந்தால் மிகுதி. அறிந்தோர் பலர் முதுமையெய்திவிட்டனர். இன்னும் பத்தாண்டு கடந்தால் கேட்டறிதற்கும் ஆளிருக்கமாட்டார்.

முறை அரிதன்று. விரியாத குருத்தோலையைக் கொணர்ந்து விரித்து வெயிலில் உலர்த்துக. பசுமஞ்சள் மாறி வெண்மை படரும். ஈர்க்கைக் களைந்து, ஓலையை ஒரே அகலமாக வார்ந்துகொள்க. வார்தலில்தான் தேர்ச்சி வேண்டும். ஓர் ஓலை அகன்றும் ஓர் ஓலை குறுகியும் இருந்தால் பெட்டி கோணும். சாயமிட வேண்டின், கொதிக்கும் சாயநீரில் ஓலையை முக்கி எடுத்து நிழலில் உலர்த்துக. முடையுமுன் சிறிது நீர் தெளித்துத் துணியிற் சுற்றிவைத்தால் ஓலை வளைந்து கொடுக்கும்; உலர்ந்த ஓலையை மடித்தால் ஒடியும். ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக விட்டு அடித்தளத்தைச் சதுரமாக முடைந்து, நான்கு மூலையிலும் மடக்கி மேலேற்றி, விளிம்பில் ஓலைமுனைகளை உள்ளே திருப்பிச் செருகுக. முதற்பெட்டிக்கு ஒரு பகல் முழுதும் செல்லும். பத்தாவது பெட்டி பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். மழைக்காலத்திற் பூஞ்சணம் பற்றும். வெயில் கண்டபோது காயவைத்தல் வேண்டும். மரத்தின்பாலும் இரக்கம் வேண்டும். ஒரே மரத்தில் குருத்துக்களை மேன்மேலும் வெட்டினால் அது தளர்ந்துபோம். பனையை வெட்டி வீழ்த்த மாவட்ட ஆட்சித்தலைவரின் அனுமதி வேண்டுமென 2021-ஆம் ஆண்டில் அரசினர் அறிவித்தனர். மரத்தைக் காப்பது அரசாணையாயின், குருத்தைக் காப்பது நம் கடமை.

செட்டிநாட்டில் திருமணச் சடங்குகளுக்கென ஆச்சிமார் முடைந்த கொட்டான்களை அறிவீர்கள். வண்ண ஓலையும், மேலே பின்னல் உறையும், மணிக்குஞ்சமுமாக அவை விளங்கும். ஒருகாலத்தில் அருகிவந்த அக்கலை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மீளப் பயிற்றப்பெற்றது. இன்று அப்பக்கத்து மகளிர் பலர்க்கு அது ஊதியமும் தருகின்றது. மறைந்துவரும் கைவேலையை மீட்கவொண்ணாது என்பார்க்கு அதுவே விடை.

பெறுவோர் பெயரைப் பொருளிற் பொறித்தலை இக்காலத்தார் பெரிதும் விரும்புகின்றனர். கோப்பையிலும் தலையணையிலும் நிழற்படத்தை அச்சிட்டுத் தரும் கடைகள் மலிந்துள்ளன. பெயர் பொறித்தல் நமக்குப் புதிதன்று. திருநெல்வேலியை அடுத்த பத்தமடையில் நெய்யும் திருமணப் பாயில் மணமக்கள் பெயரும் மணநாளும் நெய்யப்பெறும். கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து மயிர்போல் நுண்ணிதாகக் கிழித்து நெய்யும் அத்தொழில் அவ்வூர் முஸ்லிம் குடும்பங்களுடையது. அதனை நாம் வீட்டிற் செய்ய இயலாது, விலைகொடுத்து வாங்கலாம். வாங்குவோர் விலையைக் குறைத்துப் பேசாது வாங்குக. தறிமுன் குனிந்திருந்து நெய்தவர்களின் முதுகு அறியும் அதன் விலையை.

நம் வீட்டில் இயல்வது வேறொன்று. உலர்ந்த பனையோலையில் ஒரு விரல் அகலத்தில் நறுக்கு ஒன்று எடுத்து, மணமக்கள் பெயரை எழுத்தாணியாற் கீறி, விளக்குக் கரியை எண்ணெயிற் குழைத்துத் தடவித் துடைத்தால், கீறிய எழுத்து மட்டும் கருமையாக நிற்கும். எழுத்தாணிக்கு எங்கே போவதென மயங்கவேண்டா. பிள்ளைகளின் கணிதக் கருவிப்பெட்டியில் உள்ள கவராயத்தின் முனை போதும். என் மாணவர் சிலர் இவ்வாறு எழுதியபோது மெய்யெழுத்துக்குப் புள்ளிகுத்தி ஓலையைத் துளைத்துவிட்டனர். பழைய ஏடுகளிற் புள்ளி ஏன் காணப்படவில்லையென்பது பாடஞ்சொல்லாமலே அன்று அவர்கட்கு விளங்கிற்று! இந்நறுக்கை ஓலைப்பெட்டியின் காதிற் கட்டி, உள்ளே வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் வைத்தால் அதுவே தாம்பூலம். 2019-ஆம் ஆண்டு சனவரி முதல்நாளிலிருந்து நெகிழிப் பைகள் நம் மாநிலத்தில் விலக்கப்பட்டும், மண்டபத்தின் பின்புறச் சாக்கடையில் நெகிழித் தாம்பூலப்பையைக் காணாத நாளில்லை.

ஒயர்க்கூடையைப் பற்றியும் ஒருசொல். நெகிழியிழையாயிற்றே, அதனை எவ்வாறு ஏற்கலாமென ஓர் அன்பர் காலையிற் கேட்டார். சிவன்கண் முடிச்சிலும் நெல்லிக்காய் முடிச்சிலும் நம் தாய்மார் பின்னிய கூடைகள் முப்பதாண்டு சந்தைக்குச் சென்று வந்தும் அறாமலிருக்கின்றன. ஒருநாளிற் குப்பையாவதே குற்றம். முப்பதாண்டு உழைப்பதன்மேற் பழி சொல்லேன்.

இனி மறுப்புக்கள். கையாற் செய்த பொருளைக் கொடுத்தால், 'இவனுக்கு வகையில்லை' என்று எள்ளுவரே என்பது ஒன்று. எள்ளுவர், மெய்தான். வகையில்லாதவன் மட்டும் ஓலைப்பெட்டி கொண்டுவந்தால் அது அவன் வறுமையின் விளம்பரமாகவே முடியும். ஆதலின் இதனை முதலிற் செய்யவேண்டியவர்கள், இம்முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செல்வர்களே. ஆயிரங்களை எழுதவல்ல நீவிர், ஏட்டு மேசையைக் கடந்து சென்று மணமகள் கையில் நும் வீட்டிற் செய்த பொருளொன்றைக் கொடுத்தால், மறுதிங்களே கூலிக்காரத் தாய்மாமன் தலைநிமிர்ந்து மண்டபத்துள் நுழைவான்.

மற்றொன்று, தாய்மார்கள் நெஞ்சில் எழுவது, வாய்விட்டுச் சொல்லார். அடுக்களையும் தொழுவமும் அலுவலகமும் போதாவென்று இதுவும் எங்கள் தலையிலா என்பது. நேரிய வினா. 'பெண் பெட்டி முடையத் தெரிந்தவளா?' என்று பெண்பார்க்க வந்தவர் கேட்கத் தொடங்கினால் இதுவும் ஒரு சீர்வரிசையாகிவிடும். அன்றே இதனை நிறுத்திவிடுதல் நன்று. ஓலையை வெட்டுதலும் வார்தலும் ஆடவர் தொழிலாகட்டும்; முடைதல் இருபாலாரும் கற்கட்டும். சங்கம் இதனை விதியாக ஆக்கவும் வேண்டா. விதியாயின் இதற்கும் ஓர் ஏடு வந்துவிடும்.

அன்பு மிகுதியால் எதனைச் செய்தாலும் சிறக்குமென்று சிலர் கருதுகின்றனர். யான் உடன்படேன். கோணிய பெட்டியும் நூல்பிரிந்த பையும் பெறுவோர்க்குச் சுமையே. எறியவும் மாட்டார், வைக்கவும் இடமிராது. முதல் ஐந்து பெட்டியைத் தம் வீட்டு வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் வைத்துக்கொண்டு, ஆறாவதைப் பிறர்க்குக் கொடுக்க.

வரும் தைத்திங்களில் நம்மவர் வீடுகளில் பல திருமணங்கள் உறுதியாகியுள்ளன எனச் செயலாளர் கூறினார். அவற்றுள் மூன்று வீட்டார் ஓலைப்பெட்டியில் தாம்பூலம் வழங்க இசைந்திருக்கின்றனர். அடுத்த ஞாயிறு முதல் பிற்பகல் மூன்று மணிக்குச் சங்கக் கட்டடத்தில் முடைதல் பயிற்றப்பெறும். பயிற்றுவோர் நம் மூத்த தாய்மார் இருவர், எழுபதைக் கடந்தவர்கள். அவர்களை அழைத்துவரவும் மீள இல்லத்தில் விடவும் வண்டி வைத்திருக்கும் இளைஞர் இருவர் வேண்டும். ஓலையைச் சங்கம் தரும். வருவோர் கூரிய சிறுகத்தி ஒன்றும், நனைத்துச் சுற்றுதற்குப் பழந்துணி ஒன்றும் கொண்டுவருக.