பிள்ளைகள் பாதுகாப்பில் சமரசம் கிடையாது! – குரும்பகரம் கூட்டத்தில் ஆற்றிய உரை



2004 ஜூலை 16. நம்ம டெல்டா மண்ணுல, கும்பகோணத்துல, சத்துணவுக்கூடத்துத் தீ கீற்றுக்கூரையில பத்திக்கிச்சு. ஒரே கட்டடத்தில் 3 பள்ளிகள். மாடியில இருந்து இறங்கக் குறுகலான படிக்கட்டு. 94 பிஞ்சுகளைப் பறிகொடுத்தோம். கொன்றது தீ மட்டுமல்ல. தப்பிக்க வழியில்லாத கட்டடமும்தான்!

அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2009-ல் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: தேசியக் கட்டட விதிகளின்படி கட்டாத எந்தப் புதிய பள்ளிக்கும், அரசோ தனியாரோ, அங்கீகாரம் கூடாது. தீயணைப்புக் கருவி வேண்டும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும்.

அதுக்குப் பிறகும், 2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள்.

காரைக்கால்ல ஐப்பசி, கார்த்திகை மழை எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஊறின சுவரு சொல்லிட்டு விழாது. அதனால பெற்றோர்களே, பள்ளியோ கல்லூரியோ, உள்ளே போய்க் கேளுங்க:

👉 இறங்க ரெண்டு வழி இருக்கா?
👉 சமையலறை வகுப்பறையை விட்டுத் தள்ளி இருக்கா?
👉 தீயணைப்பு சிலிண்டர்ல முள் பச்சையில நிக்குதா?
👉 சுற்றுச்சுவர், கழிவறைச் சுவரை இன்ஜினியர் பார்த்தாரா?

நம் கோரிக்கை ஒன்றுதான்: மழைக்கு முன்பே ஆய்வு நடக்கணும். கட்டட உறுதிச் சான்றிதழை ஒவ்வொரு பள்ளி வாசலிலும் எல்லோரும் படிக்கிற மாதிரி ஒட்டணும். நிதி இல்லைங்கிற பதிலை ஏற்க மாட்டோம்.