வயிறு கேட்டதும் வாய் கேட்டதும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "உன் தொழிலைப் பத்திப் பேசுடா" என்றுதான் சொன்னார். நான்தான் வேறு ஒன்று பேசுகிறேன் என்றேன். காலையிலிருந்து என்னைப் பார்த்தவர்களில் பாதிப் பேர், "என்ன மாப்ளே இப்படி இளைச்சுட்டே, சுகரா?" என்று கேட்டுவிட்டீர்கள். மீதிப் பேர் என் மனைவியிடம் ரகசியமாக விசாரித்தீர்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில்: 2019 ஜனவரியில், எடை குறைவதற்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டேன். அப்போது என் எடை 128 கிலோ. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று. விடுதியில் என்னை 'டிரம்' என்று கூப்பிட்டவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள், கோபமெல்லாம் இல்லை. ஆனால் ஆபரேஷனை வெளியே சொல்ல இத்தனை வருஷம் கூச்சப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்குச் செய்ததற்கு 'ஸ்லீவ்' என்று பெயர். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பாகத்தை எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் போலக் குழாயாக ஆக்கிவிடுவார்கள். எடுத்துவிடுகிற மேல்பகுதியில்தான் 'கிரெலின்' என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் அதைக் கண்டுபிடித்தார்கள். நாம் பட்டம் வாங்கி இரண்டு வருஷம் கழித்து! ஆகவே அது நம் பாடத்தில் இல்லாததற்கு விலங்கியல் துறையைக் குறை சொல்ல முடியாது.

முதல் சில மாதங்கள் எனக்குப் பசி என்பதே தெரியவில்லை. மனைவி கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடக் கூப்பிடுவாள். அரை இட்லிக்கு இருபது நிமிஷம் ஆகும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம், வெறும் நீராகாரத்தில் இருந்த காலம். ஒரு சாயந்திரம் டீக்கடையைத் தாண்டிப் போனேன். எண்ணெய்ச் சட்டியில் பஜ்ஜி. வயிறு கம்மென்று இருக்கிறது, வாயில் எச்சில் ஊறுகிறது. வயிறு கேட்கவில்லை, வாய் கேட்டது. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இரண்டும் வேறு வேறு என்று. புரியவில்லை. எடை மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்ததால் யோசிக்கவும் இல்லை. ஒரு வருஷத்தில் 86 கிலோ.

பிறகு 2020 வந்தது. ஊரடங்கு. ஆபரேஷன் முடிந்து பதினாலு மாதம். பசி திரும்பி வந்துவிட்டது. அது வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். என் காதில்தான் ஏறவில்லை. நான் நினைத்தது என்ன தெரியுமா? தையல் விட்டுவிட்டது, லட்சக்கணக்கில் செலவழித்ததை நானே தின்றே கெடுத்துவிட்டேன் என்று. ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்காத அதே வயிற்றில் அரைப் பாக்கெட் மிக்சர் சுலபமாக இறங்கும். மொறுமொறுப்பான பண்டம் எச்சிலில் கரைந்து கூழாகி, குழாயில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஜிகர்தண்டாவும் அப்படித்தான், மதுரைக்காரனுக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டா? வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு காருக்குள் உட்கார்ந்து மிக்சர் தின்றிருக்கிறேன். எடை 95-க்கு வந்தது. பரிசோதனைக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டேன். ராத்திரி மிக்சருக்குப் பரிகாரமாகக் காலையும் மதியமும் பட்டினி கிடப்பேன்.

அந்தப் பட்டினிதான் பெரிய தப்பு. 1944, 45-இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை மாதக்கணக்கில் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். சிலர் சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள். நல்ல திடமான, மனஉறுதி உள்ள ஆட்கள்தான். பட்டினி போட்டால் யார் மனசும் அடுப்பங்கரைக்குத்தான் போகும்.

அக்டோபரில் மனைவி என்னை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் போனாள். அங்கே இருந்த டயட்டீஷியன் அம்மாவுக்கு என் தங்கை வயசு இருக்கும். திட்டுவார் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு நோட்டைக் கொடுத்தார். "என்ன சாப்பிட்டீங்கன்னு மட்டும் எழுதாதீங்க சார். எத்தனை மணிக்கு எது கேட்டுச்சு, எங்கே கேட்டுச்சுன்னு எழுதுங்க" என்றார். வயிற்றிலா, நெஞ்சிலா, தொண்டையிலா, வாயிலா. பதினைந்து நாள் எழுதினேன்.

நோட்டைப் பார்த்தால் நான் பசி என்று நினைத்ததெல்லாம் பசியே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சுக்குக் கீழே சுரண்டியது அமிலம். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது சகஜம். ஏதாவது தின்றால் கொஞ்சம் அடங்கும், அதனால் பசி மாதிரியே ஏமாற்றும். டாக்டர் மாத்திரை கொடுத்து, ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடிக்கச் சொன்னார். நாலு மணிக்கு வந்தது தாகம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான் என்பது விதி. அந்த அரை மணி முடிந்ததும் குடிக்க நான் மறந்தே போயிருந்தேன். ஆறு மணிக்கு வந்தது மட்டும் அசல் பசி. மதியம் வெறும் தயிர்சாதம் சாப்பிட்டால் வராமல் என்ன செய்யும்? ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்றார்கள். இலையில் முட்டை, மீன், சுண்டல், பன்னீர் முதலில், சோறு கடைசியில் என்று வரிசையை மாற்றினேன். ஆறு மணிப் பசி ஒரு வாரத்தில் பாதியாகிவிட்டது.

மிஞ்சியது ஒன்றுதான், ராத்திரி ஒன்பது மணி மிக்சர். அந்த வருஷம் ஜூனில் அப்பா காலமானார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் விடுதிக்கு வருவார், கையில் மிக்சர் பொட்டலம் இருக்கும். இங்கே பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அதில் எனக்குக் கிடைத்தது கால்வாசிகூட இல்லை. நோட்டில் 'எங்கே கேட்டது' என்ற இடத்தில் அன்றைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். டயட்டீஷியன் அதைத் தடை செய்யவில்லை. பாக்கெட்டோடு வேண்டாம், சின்னக் கிண்ணத்தில், உட்கார்ந்து, யாராவது கூட இருக்கும்போது சாப்பிடுங்கள் என்றார். மனைவியிடம் அப்பா கதை சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். பல நாள் கதை முடியும்போது கிண்ணத்தில் பாதி மிச்சம் இருக்கும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இதைக் கேட்டுவிட்டு, பத்துக் கிலோ கூட இருக்கிற யாரும் ஆபரேஷன் என்று ஓட வேண்டாம். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு, கூட இருக்கிற வியாதி எல்லாம் பார்த்துத்தான் செய்வார்கள். எனக்கு அந்தக் கணக்கு 44. செய்துகொண்டால் ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் உண்டு. இன்னொன்று, குடி. ஆபரேஷனுக்குப் பிறகு மது சீக்கிரம் தலைக்கேறும். பைபாஸ் முறையில் செய்துகொண்டவர்களிடம் இரண்டாவது வருஷத்தில் குடிப்பழக்கச் சிக்கல் கூடியதாக 2012-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. வாய் கேட்பது சாப்பாட்டை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எடை திரும்ப ஏறினால் ஆஸ்பத்திரி போனை எடுங்கள். இப்போது அதற்கு ஊசி மருந்துகள்கூட வந்திருக்கின்றன. தேவையா இல்லையா என்பது டாக்டர் பாடு.

இப்போது என் எடை 90. தினமும் பசிக்கிறது. நோட்டு இன்னும் பையில் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. பந்தியில் என் பக்கத்தில் உட்காருபவர்கள் "இன்னொரு கரண்டி போடுப்பா" என்று சிபாரிசு செய்யாமல் இருந்தால் போதும். நான் முடிக்க லேட்டாகும், நீங்கள் எழுந்திருங்கள், பரவாயில்லை. சாயந்திரம் டீயோடு மிக்சர் உண்டு என்று செயலாளர் சொன்னார். எனக்கு ஒரு கைப்பிடி போதும். உட்கார ஒரு நாற்காலியும், கூடப் பேச யாராவது ஒருவரும் வேண்டும். அப்பா பொட்டலத்தில் முக்கால்வாசியைத் தின்றவர்கள் யாராவது வரலாம்.