கல்லைப் புரட்டும் உள்ளான்

மருதனார்மடம் சந்தியில் விடியப்புறம் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் மாறினால், பண்ணைத் தாம்போதியும் வாணர் தாம்போதியும் கடந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு வந்துவிடலாம். யன்னலோரம் இடம் பிடியுங்கள். வழி நெடுகக் கொக்கும் நாரையும் தெரியும். அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகுதான், ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

நெடுந்தீவு என்றதும் குதிரைகளையும் பெருக்குமரத்தையும்தான் எல்லோரும் விசாரிப்பார்கள். நான் போவது கல்திருப்பி உள்ளானைப் பார்க்க. நூறு கிராம் அளவுதான், ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் பாரம்கூட வராது. ஆர்க்டிக் கரையில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் இறுகுமுன் புறப்பட்டு நம்மிடம் வந்து சேர்கிறது.

விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் ஒருமுறை பிள்ளைகளை நெடுந்தீவுக்குக் கூட்டிப் போனேன். கடல் வற்றிப் பவளக்கற்கள் தலைகாட்டிய நேரம். வேலிக் கல்லுக்குப் பின்னால் குந்தியிருந்தோம். உள்ளான் ஒன்று வந்தது: செம்மஞ்சள் கால், கட்டைச் சொண்டு. சொண்டைக் கல்லுக்கு அடியில் கொடுத்து ஒரே நெம்பு, கல் புரண்டது, உள்ளே ஒளித்திருந்த சின்ன நண்டு போயிற்று. கொஞ்சம் பெரிய கல்லொன்றுக்கு இரண்டு உள்ளான்கள் சேர்ந்து முண்டு கொடுத்ததையும் கண்டோம். மூச்சு விடாமல் பார்த்திருந்த ஒரு மாணவி என் காதுக்குள் சொன்னாள்: "சேர், அது போன பாதை தெரியுது பாருங்கோ." உண்மைதான். காய்ந்து வெளுத்த கற்களுக்கு நடுவே, புரட்டிய கற்கள் மட்டும் ஈரப்பக்கம் மேலாக, கறுப்பாக, வரிசையாகக் கிடந்தன. எத்தனையோ தரம் அந்தக் கரைக்குப் போன என் கண்ணில் அது படவே இல்லை. அன்று முதல் நானும் முதலில் ஈரக் கல்லைத்தான் தேடுகிறேன்.

தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. கௌதாரி, கரிச்சான், நீள்வால் கீச்சான் எல்லாம் அங்கே உண்டு. அவற்றை இன்னொரு நாள் கதைப்போம், நேரம் நெருக்குகிறது. போகிறவர்கள் குடிதண்ணீரும் பைனாகுலரும் கொண்டு போங்கள், திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். உள்ளானை விரட்டிப் படம் எடுக்க வேண்டாம், தாய்மாரே, தகப்பன்மாரே. நெடும்பயணத்துக்கு அது கொழுப்புச் சேர்க்கிற இடம் அந்தக் கரை. சித்திரை வாக்கில் முதுகில் செங்காவி நிறம் ஏறி வடக்கே கிளம்பிவிடும். அதற்குள் ஒரு சனிக்கிழமை உங்கள் பிள்ளையோடு அந்தக் கரையில் உங்களைச் சந்திப்பேன் என்று நம்புகிறேன்.