செஞ்சிக் கோட்டை

மூன்று குன்றுகளை ஒரே மதில் வளைத்து நிற்கிறது செஞ்சியில்: மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. திருவண்ணாமலைச் சாலையே இந்த மதிலை ஊடறுத்துப் போகிறது. பேருந்தில் கண்ணயர்ந்தவர் ஒரு கோட்டைக்குள் நுழைந்து வெளியேறியதை அறியாமலே ஊர் போய்ச் சேரலாம்.

கோன் மரபினர் தொடங்கிய அரணைப் பெருங்கோட்டையாக்கியவர்கள் நாயக்கர்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தானியத்திடம் போன கோட்டையை 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி கைப்பற்றினார்.

ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம். சுடுமண் குழாய் வழியே மகாலின் மேல் அடுக்குகளுக்கும் தண்ணீர் போயிருக்கிறது. படியேறுகிறவர் வாயிலுக்கு வாயில் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். உச்சிக்குச் சற்று முன்னே மலை பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவின்மேல் ஒரு பாலம், அதுவே ஒரே வழி. அன்று அது மரப்பாலம். எடுத்துவிட்டால் ஒரு சில வீரர்கள் ஒரு படையையே நிறுத்தலாம். மேலே களஞ்சியம் இருந்தது, சுனையும் இருந்தது. மதிலின் கனத்தைவிட இவையே செஞ்சியைக் காத்தன.

செஞ்சி என்றதும் தமிழர் நாவில் வருவது தேசிங்குராஜன் பெயர். ஆற்காட்டு நவாபை எதிர்த்து 1714இல் மாண்ட இளைஞனைக் கதைப்பாடல் மறக்கவிடவில்லை. ஆனால் கோட்டையின் பெரிய காலம் அதற்கு முந்தியது. 1689இல் மராட்டியத் தலைநகர் ராய்கட்டை மொகலாயர் முற்றுகையிட, சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே வந்து செஞ்சியைத் தலைநகராக்கினார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். எட்டு ஆண்டு ஆயிற்று. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படை தானிய வரத்தை அறுத்தபோது, முற்றுகையிட்டவர்களே பசியால் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். பேரரசரின் மகன் காம்பக்‌ஷ் ராஜாராமோடு இரகசியத் தூது நடத்திச் சிக்கி, சொந்தத் தளபதியாலேயே சிறைவைக்கப்பட்டார்! 1698இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அதற்குள் தப்பியிருந்தார்.

இதே கோட்டையை 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். உள்ளே உறுதியாக நிற்க ஆளில்லாதபோது மலை மட்டும் என்ன செய்யும்? 1761இல் ஆங்கிலேயர் வந்தனர். அதன்பின் இது ஆட்சிபீடமாக இருந்ததில்லை. கோட்டைக்குள் உள்ள வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் சில புதுச்சேரிக்குப் போய், இன்று கடற்கரைக் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன.

2025இல் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே.