பக்கத்துல நின்னவங்க என்ன செஞ்சோம்?

(எட்டயபுரத்தில் நமது மகளிர் அணியும் விளையாட்டு அணியும் சேர்ந்து நடத்திய பெற்றோர் – பயிற்சியாளர் கூட்டத்தில், மகளிர் அணி நிர்வாகி ஒருவர் ஆற்றிய உரை. நேரில் வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகத் தருகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.)

மேடையில் இருக்கும் அண்ணாச்சிமார்களே, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை முடிஞ்சு வீட்டுக்குக் கூடப் போகாம நேரா இங்க வந்திருக்கிற அக்கா தங்கச்சிமார்களே, காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நம்ம பிள்ளைகளை ஓட வைக்கிற பயிற்சியாளர்களே, எல்லோருக்கும் நன்றி.

பாப்பா பாட்டு எழுதிய பாரதி பிறந்த ஊர் இது. பிள்ளைகள் விளையாடணும்னு ஆசைப்பட்டவர் அவர். பக்கத்துல கோவில்பட்டி, ஹாக்கிக்குப் பேர் போன ஊர். இந்தக் கரிசல் காட்டுல இருந்து பெண் பிள்ளைகள் கபடி, ஹாக்கி, தடகளம்னு போறாங்க. போகணும். ஒரு பிள்ளையும் வீட்டுல முடங்கக் கூடாது. அதைக் காப்பாத்தத்தான் இந்தக் கூட்டம்.

முதல்ல என் கதையைச் சொல்லிடுறேன். ஊர் பேரும் பள்ளிக்கூடத்துப் பேரும் சொல்ல மாட்டேன். சொன்னா அந்தப் பிள்ளை யாருன்னு தெரிஞ்சிரும்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது கபடி ஆடினேன். எங்க டீம்லயே நல்லா ரெய்டு போறவ ஒருத்தி. திடீர்னு பிராக்டீஸுக்கு வரதை நிறுத்திட்டா. ஏன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். சுளுக்கு எடுத்து விடுறேன், தைலம் தேய்ச்சு விடுறேன்னு அந்தக் கோச் அவளைத் தனியா நிறுத்தி வைப்பார். அவ அழுதுட்டே வெளிய வந்ததை நான் ஒரு நாள் பார்த்தேன். ஒரு டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, "அவ ஏன் வரலை?"ன்னு கேட்டாங்க. "கால் வலி டீச்சர்"னு சொன்னோம். முதல்ல சொன்னது நான்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அடுத்த வாரம் மேட்ச். உண்மையைச் சொன்னா டீமே கலைஞ்சிரும்னு பயம். வீட்டுல தெரிஞ்சா "இனிமே நீயும் போக வேண்டாம்"னு சொல்லிருவாங்கன்னு அதை விடப் பெரிய பயம். நாங்க அந்த மேட்ச்ல ஜெயிச்சோம். கப்பு வாங்கினோம். அவ அந்த வருசத்தோட படிப்பை நிறுத்திட்டா. கொஞ்ச நாள்ல கல்யாணம் ஆயிருச்சு.

தப்பு செஞ்சது அந்த ஆள். ஆனா அவ தனியாப் போனதுக்கு, பக்கத்துல நின்ன நாங்களும் காரணம். இத்தனை வருசம் கழிச்சும் அது என் நெஞ்சுல முள்ளா இருக்கு. அதனாலதான் இந்த மேடையில நிக்கிறேன்.

ஒரு கோச் மேல புகார் வந்தா நாம முதல்ல என்ன கேட்கிறோம்? "இவ்வளவு நாள் ஏன் சொல்லலை?" "அவர் எத்தனை பிள்ளைகளை ஸ்டேட் லெவலுக்குக் கொண்டு போனவர்!" "பின்னால இருந்து யார் தூண்டி விடுறது?" கடைசியா, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அவர் என்ன ஆளுங்க?" இந்தக் கேள்விகளுக்கு நடந்த சம்பவங்களை வச்சே பதில் சொல்றேன்.

2021 மே மாதம், சென்னையில் தடகளப் பயிற்சியாளர் பி. நாகராஜன் மீது 19 வயது வீராங்கனை ஒருவர் புகார் கொடுத்தார். அந்தப் பெண் சிறுமியாக இருந்தபோது நடந்தது என்பதால் போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிவாகி, அவர் கைது செய்யப்பட்டார். காயத்துக்குச் சிகிச்சை என்ற பெயரில் அத்துமீறினார் என்பதுதான் குற்றச்சாட்டு. அந்தச் செய்தி வெளிவந்த பிறகு மேலும் ஏழு பெண்கள் புகாரோடு வந்தார்கள். சிலர் சொன்னது பல வருடங்களுக்கு முன்னால் நடந்தது. குற்றச்சாட்டுக்குத் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நான் கேட்பது வேற. முதல் பிள்ளை பேசின பிறகுதானே மத்தவங்களுக்குத் தைரியம் வந்தது? அது வரைக்கும் அவங்க யார்கிட்டப் போய்ச் சொல்லியிருக்க முடியும்?

ஒரு கோச் கையில என்னவெல்லாம் இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. செலக்‌ஷன் அவர் கையில. விளையாட்டு விடுதிக்குப் பரிந்துரை அவர் கையில. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட், அரசு வேலை, அதுக்கு வேண்டிய சர்டிபிகேட் எல்லாத்துக்கும் அவர் தயவு வேணும். ஷூ வாங்கிக் கொடுத்தவரும் அவராத்தான் இருப்பார். தறிக்குப் போற அப்பா, தீப்பெட்டி ஆபீஸ் போற அம்மா, "சார் தெய்வம் மாதிரி"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கிற வீட்டுல, அந்தப் பிள்ளை எப்படி வாயைத் திறக்கும்?

அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் டாக்டர் லாரி நாசர் கதையும் இதேதான். அவரும் சிகிச்சைன்னுதான் சொன்னார். 1997லேயே ஒரு சிறுமி தன் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பயிற்சியாளர் நம்பவில்லை. 2016ல் ரேச்சல் டென்ஹாலண்டர் தன் பெயரைச் சொல்லிப் பத்திரிகையில் பேசிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுத்தார்கள். "ஏன் முன்னாடியே சொல்லலை"ன்னு கேட்கிறோமே, முன்னாடியே சொன்னாங்க. கேட்கத்தான் ஆள் இல்லை.

அடுத்து, "பதக்கம் வாங்கிக் கொடுத்தவர் ஆச்சே." பதக்கம் அவருக்கு விளையாட்டுத் தெரியும் என்பதற்குச் சாட்சி. பூட்டின அறைக்குள்ள அவர் எப்படி நடந்துக்கிட்டார் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

"யார் தூண்டி விட்டது?" இந்தக் கேள்வியை டெல்லியில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கினவங்களைப் பார்த்தே கேட்டாங்க. 2023 ஜனவரி 18ஆம் தேதி வினேஷ் போகட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் மல்யுத்தச் சம்மேளனத் தலைவர், ஆளுங்கட்சி எம்.பி. பிரிஜ் பூஷண் சரண் சிங். முதல் தகவல் அறிக்கை பதிவாகவே உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டி இருந்தது. ஏப்ரல் 28ஆம் தேதிதான் பதிவானது. மே 28ஆம் தேதி அவர்களைப் போலீஸ் ரோட்டில் இழுத்துப் போனதை நாம எல்லாம் டிவியில பார்த்தோம்.

அப்போ விளையாட்டு உலகம் என்ன செஞ்சது? இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா, நாம எல்லாம் சின்ன வயசுல கொண்டாடின உஷா, தெருவில் இறங்கியது ஒழுங்கீனம், நாட்டின் பெயருக்குக் கேடு என்ற பொருளில் பேசினார். அடுத்த வாரமே நேரில் போய் அவர்களைச் சந்தித்தார் என்பதையும் சொல்லணும். நீரஜ் சோப்ரா ஆதரவாகப் பேசினார். 1983ல் உலகக் கோப்பை வென்ற கிரிக்கெட் அணியினர் அறிக்கை விட்டார்கள். இன்னும் எத்தனையோ பெரிய நட்சத்திரங்கள் வாயே திறக்கவில்லை.

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. பிரிஜ் பூஷண் குற்றத்தை மறுக்கிறார். சிறுமி தரப்பில் கொடுக்கப்பட்ட புகார் திரும்பப் பெறப்பட்டு, அந்த வழக்கை முடித்துவைக்கும் அறிக்கையை 2025 மே மாதம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மற்ற வீராங்கனைகளின் புகாரில் 2024 மே மாதம் குற்றச்சாட்டுகள் பதிவாகி விசாரணை நடக்கிறது. நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிட்டுப் போகக் கூடாது, அதனால முழுசாச் சொல்றேன்.

இப்போ நான் மனசுல வணங்குற ஒரு பெண்ணைப் பத்திச் சொல்றேன். 1990 ஆகஸ்ட், ஹரியானா, பஞ்ச்குலா. ருச்சிகா கிர்ஹோத்ரா, 14 வயது டென்னிஸ் வீராங்கனை. மாநில டென்னிஸ் சங்கத் தலைவர் எஸ்.பி.எஸ். ரத்தோர், போலீஸ் ஐ.ஜி.யும் அவர்தான். தனிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று கூப்பிட்டு அத்துமீறினார். புகார் கொடுத்த பிறகு ருச்சிகாவைப் பள்ளிக்கூடத்தை விட்டு நீக்கினார்கள். அண்ணன் மேல் வரிசையாகத் திருட்டு வழக்குகள். 1993 டிசம்பரில் அந்தப் பிள்ளை உயிரை விட்டது.

அதோடு முடிஞ்சிருக்கும். முடியலை. ஏன்னா ருச்சிகாவோட தோழி ஆராதனா அன்றைக்குக் கூட இருந்தாள், பார்த்தாள். அவளும் சிறுமிதான். அவளும் அவளோட அப்பா அம்மாவும் 19 வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2009 டிசம்பரில் ரத்தோர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தண்டனை வெறும் ஆறு மாதம். அப்புறம் ஒன்றரை வருடமாகக் கூட்டினார்கள். 2016ல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்து, ஏற்கெனவே சிறையில் இருந்த நாட்களே போதும் என்றது. தண்டனை கொஞ்சம்தான். ஆனா "ருச்சிகா பொய் சொன்னா"ன்னு இனி யாரும் சொல்ல முடியாது. அதைச் செஞ்சது அந்தத் தோழி.

நான் அன்றைக்கு "கால் வலி டீச்சர்"னு சொன்னேன். ஆராதனா சொல்லலை. ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி சட்டம். தாய்மார்கள் கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

18 வயதுக்குக் கீழே இருந்தால் போக்சோ சட்டம். ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு, அதை மறந்துடாதீங்க. இந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, இப்படி ஒன்று நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்வது கட்டாயம். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்ததை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளரே மறைத்தால் ஒரு வருடம் வரை. சிறுவர் சிறுமியருக்கு இந்தத் தண்டனை கிடையாது. "நாமளே பேசி முடிச்சுக்குவோம்"னு ஊர்ப் பெரியவங்க உட்கார்றாங்களே, அது சமரசம் இல்லை, சட்டப்படி குற்றம்.

பிள்ளையை ஸ்டேஷனுக்கு அலைய விட வேண்டியதில்லை. வீட்டிலோ, பிள்ளை விரும்புகிற இடத்திலோ வாக்குமூலம் எடுக்கலாம். கூடுமானவரை பெண் எஸ்.ஐ.தான் எடுக்கணும், சீருடையில் வரக் கூடாது, அம்மாவோ அப்பாவோ நம்பிக்கையான ஒருத்தரோ கூட இருக்கலாம். ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது.

வயது வந்த வீராங்கனைகளுக்கு 2013ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. மைதானம், பயிற்சி மையம், விளையாட்டு விடுதி எல்லாமே அதில் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்கணும். சின்ன இடமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கணும், காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஆனால் காகிதத்தில் இருப்பதெல்லாம் தரையில் இல்லை. 2023ல் பார்த்தபோது, நாட்டின் 30 விளையாட்டுச் சம்மேளனங்களில் ஏறக்குறைய பாதியில் இந்தக் குழு ஒழுங்காக இல்லை என்று தெரிந்து, தேசிய மனித உரிமை ஆணையமே நோட்டீஸ் அனுப்பியது. டெல்லியிலேயே அந்த லட்சணம் என்றால், நம்ம ஊர் கிளப்பை நாமதான் பார்த்துக்கணும்.

அதனால் இன்றைக்கு ஐந்து விஷயம் முடிவு செய்வோம்.

ஒன்று. பெண் பிள்ளைகள் வெளியூர் போட்டிக்குப் போனால் கூட ஒரு பெண் போகணும். கோச்சோ, டீச்சரோ, ஒரு பிள்ளையோட அம்மாவோ. 2022ல் சைக்கிள் வீராங்கனை ஒருவர் ஸ்லோவேனியா பயிற்சி முகாமில் இருந்து புகார் அனுப்பிய பிறகு, பெண்கள் அணியோடு பெண் பயிற்சியாளர் போகணும்னு இந்திய விளையாட்டு ஆணையமே சொல்லிருச்சு. பஸ் செலவை நாம பிரிச்சுக்குவோம்.

இரண்டு. மசாஜ், சுளுக்கு, காயம் எதுவாக இருந்தாலும் திறந்த இடத்தில், இன்னொருத்தர் முன்னால்தான். பூட்டின அறை கிடையாது.

மூன்று. ராத்திரியில் பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டாம். அம்மா அப்பா இருக்கிற குரூப்பில் போடுங்க.

நான்கு. புகார் வந்தால் நாம விசாரிக்க வேண்டாம். நம்பிக் கேட்போம், எழுதிக்கொள்வோம், அன்றைக்கே சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வோம். விசாரணை முடியும் வரை அந்தப் பயிற்சியாளர் பிள்ளைகள் பக்கம் வரக் கூடாது. பிராக்டீஸ் மட்டும் நிற்கக் கூடாது. வேற ஆளை வைப்போம். புகார் கொடுத்தால் டீம் கலைஞ்சிரும்னு எந்தப் பிள்ளையும் என்னைப் போல பயப்படக் கூடாது.

ஐந்து. இது செல்போனில் வாசிக்கிற நம்ம தம்பி தங்கச்சிகளுக்கு. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், போட்டோ, பள்ளிக்கூடம், தெரு எதையும் போடாதீங்க. ஆதரவுன்னு நினைச்சுப் போட்டாலும் குற்றம்தான்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லலை. சம்பளம் வாங்காம, சொந்தக் காசுல பிள்ளைகளுக்கு முட்டையும் பாலும் வாங்கிக் கொடுக்கிறவங்க இங்க இருக்கீங்க. குற்றச்சாட்டு வந்த உடனே ஒருத்தரை அடிக்கிறது, வீட்டு மேல கல்லெறியிறது எங்களுக்கும் ஏற்பில்லை. இந்த விதிகள் பிள்ளையைக் காப்பாத்தும், நேர்மையான உங்களையும் காப்பாத்தும்.

கடைசியா, "அவர் என்ன ஆளுங்க?" இதுக்கு நம்ம கட்சிக்காரங்க முன்னாடியே பதில் சொல்றேன். நம்ம சாதிக்காரரா இருந்தாலும், நம்ம கட்சிக்காரரா இருந்தாலும், மேடையில என் பக்கத்துல உட்கார்ந்தவரா இருந்தாலும், ஸ்டேஷனுக்கு ஒரு போன் கூட நம்ம பக்கத்தில் இருந்து போகக் கூடாது. எதிர்க்கட்சிக்காரர் என்றால் மட்டும் கொதிக்கிறது நியாயம் இல்லை. அப்படிச் செஞ்சா நாளைக்கு நம்மகிட்ட வந்து சொல்ல எந்தப் பிள்ளைக்கும் நம்பிக்கை இருக்காது.

போன வருசம் ஒரு கல்யாண வீட்டுல அந்த என் தோழியைப் பார்த்தேன். பழசைப் பத்தி ரெண்டு பேருமே பேசலை. அவ மக ஹாக்கி ஆடணும்னு அடம் பிடிக்கிறாளாம். கிளம்பும்போது என் கையைப் பிடிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டா: "அங்க பொம்பள கோச் இருக்காங்களாக்கா?"

எனக்கு உடனே பதில் சொல்ல முடியலை. அடுத்த தடவை அவளைப் பார்க்கும்போது "இருக்காங்க, தைரியமா அனுப்பு"ன்னு சொல்லணும். அதுக்கு உங்க எல்லாருடைய ஒத்துழைப்பும் வேணும்.



(குழந்தைகளுக்கான உதவி எண்: 1098. பெண்களுக்கான உதவி எண்: 181. அவசர உதவிக்கு: 112. உங்கள் ஊர் விளையாட்டுக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் பகிருங்கள்.)

#பிள்ளைகள்_பக்கம்_நிற்போம்